பிள்ளையாருக்குக் கீழே இருந்த பாரம்

தம்பி,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பள்ளிக்கூட நாளில் ஒவ்வொரு புதுக் கொப்பியின் முதல் பக்கத்திலும் இப்படித்தான் எழுதிவைப்பேன். கீழே கையெழுத்தும் போடுவேன். வகுப்பில் எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தப் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை என்று உனக்குத் தெரியும். நாங்கள் போன ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கொப்பி இருக்கிறது. எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், எங்கே நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம், வழியில் என்ன பறவை கண்டோம், நீ என்ன சொல்லி இந்த அம்மாவைப் பகிடி பண்ணினாய், எல்லாம் அதில் இருக்கும். ஒரேயொரு கொப்பியில் மட்டும் ஒரு வரி இல்லை. ஐந்து வருடமாக அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை எழுதத்தான் இன்று காலையிலிருந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது. முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்தில் வந்த களைப்பு வேறு, அது படுத்தெழும்பினால் போய்விடும். ஒன்றைச் சொல்லாமல் வைத்திருப்பதற்கும் உடம்பில் பலம் வேண்டியிருக்கிறது. அறுபத்து மூன்று வயதில் எனக்கு அந்தப் பலம் இல்லை.

உன் அப்பா வாங்கிய, பின்னால் சாமான் தட்டு வைத்த புது யூட் வண்டியின் படங்களை உனக்கு அனுப்பியிருந்தேன். படத்தில் அதன் உயரம் தெரியாது. எங்கள் பிளாக்ஹவுஸ் பே வீட்டுக் கராஜுக்குள் அது போகவில்லை. மூக்கு மட்டும் உள்ளே நிற்க, மிச்சம் முழுவதும் மழையில் நனைகிறது. நான் ஏறுவதற்கு ஒரு முக்காலி வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகு கீழே கிடக்கும் முக்காலியை எப்படி எடுப்பது என்று யோசித்து, கடைசியில் அதற்கு ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். கிணற்றில் வாளி இழுப்பதுபோல இழுத்துக்கொள்கிறேன். கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனபோது ஐயருக்கு முன்கண்ணாடியில் சந்தனம் வைக்க எட்டவில்லை. "என்ன, லொறியே வாங்கியிருக்கிறீங்கள்?" என்று கேட்டார். "மூண்டரைத் தொன் இழுக்கும் ஐயா" என்றார் அப்பா. கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் அது. நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். பழைய கார்களுக்கு நசுங்கும் சத்தம் நன்றாகக் கேட்கும். இதற்கு ஒன்றும் கேட்கவில்லை, பின்னால் போய்ப் பார்த்தால் நாலும் வெறும் தோலாகக் கிடந்தன. அப்பா அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் இந்த யூட் எதற்காக வீட்டுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அதை வாங்குவதற்கு அவரோடு வெஸ்ட்கேட் வண்டிக்கடைக்கு மூன்று தரம் போனேன். கடையில் இருந்த பெண் நல்லவள். "என்ன இழுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். "என்ரை ஃபமிலியை" என்றார் அப்பா. அவள் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. கட்டிலும் அடுப்புமாகப் பின்னால் இழுத்துப்போகும் எங்கள் கரவன் என்ன நீளம், எத்தனை கிலோ என்று விசாரித்துவிட்டு, இதற்கு இவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை, இதைவிடச் சின்ன அளவே போதும் என்று நேர்மையாகச் சொன்னாள். "காணாது" என்றார் அப்பா. என்னிடம் திரும்பித் தமிழில், "ஒருக்கால் சின்னனாலை பட்டாச்சு. இனிப் பெரிசுதான்" என்றார். ஐந்து வருடமாக அவர் கரவன் பயணத்தில் நடந்த அந்த விபத்துக்கு இரண்டு காரணங்கள்தான் சொல்லி வந்திருக்கிறார். கார் சின்னது, அதை ஓடினவன் கவனமில்லாதவன். முதற் காரணத்துக்கு வெஸ்ட்கேட்டில் மருந்து வாங்கிவிட்டார். இரண்டாவது காரணம் நீ.

போன ஞாயிற்றுக்கிழமை நீ டனீடனிலிருந்து போன் எடுத்தாய். அக்டோபர் விடுமுறைக்கு மூன்று பேரும் வருகிறோம் என்றாய். அப்பா சோபாவில் இருந்தபடியே கத்தினார்: "எல்லாரும் வடக்குப் பக்கம் போவம்! கரவனைக் கொண்டு போவம். நானே ஓடுறன், நீ பயப்பிடாமல் பின்னுக்கு இருந்து வா."  நீ இங்கிலீஷில், நாங்கள் ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறோம், பிள்ளையின் சீட்டை மாற்றுவது கரைச்சல் என்றாய். அப்பா, "மூண்டரைத் தொன் இழுக்கிற வண்டியிலை ஒரு சின்னச் சீட்டைப் பூட்ட இடமில்லையோ?" என்று கேட்டார். உனக்கு அது கேட்டிருக்காது என்று நினைக்கிறேன், நீ ஏற்கெனவே "ஓகே அம்மா, பை" சொல்லிக்கொண்டிருந்தாய்.

பத்து நிமிஷம் கழித்து உன் மனைவி என்னைத் தனியாக அழைத்தாள். அவள் மேல் கோபிக்காதே, அவள் உன்னைக் குறை சொல்லவில்லை. "மாமி, இவருக்கு என்னவோ இருக்கு. தனிய எண்டால் வேலைக்கு ஓடிப் போய் வருவார். பிள்ளையை ஏத்தினால் கார்த் திறப்பை என்னட்டை நீட்டுவார். ரெண்டு வயசாச்சு மாமி, இவர் ஒருநாளும் அவளை வைச்சு ஓடினதில்லை. ஏனெண்டு கேட்டால் சிரிப்பார்" என்றாள். நான் "களைப்பாக இருக்கும் பிள்ளை" என்று சொல்லிவைத்தேன். ஆனால் அது என்னவென்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. விபத்து நடந்த பிரின்டர்வின் மலையின் ஓரத்தில், ஒரு கையால் தன் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா உன்னிடம் சொன்ன வசனம் அது. "இனி என்ரை குடும்பத்தை நீ ஏத்தாதை." அவர் தன் குடும்பத்தை ஏற்றாதே என்றார். நீ உன் குடும்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டாய்.

இனி அந்த நாள். கொப்பி பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்துத்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ வேலையால் நேரே வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் கரவனில் சாமான் ஏற்றினாய். உன் காரில் இழுத்துக்கொண்டு போவதென்று முடிவு. நாங்கள் நாலு நாளுக்குத்தான் போகிறோம், ஆனால் நான் நாற்பது பேருக்குச் சாமான் கட்டியிருந்தேன் என்று நீ சொன்னாய். உண்மைதான். கல்லுக் கிரைண்டரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாய். "அம்மா, அங்கை கடையிலை பாண் விக்கும்." நான், "உன்ரை அப்பா பாணிலை எத்தினை நாள் இருப்பார்?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே அதைத் தூக்கினாய். நிறையான சாமான்களையெல்லாம் கரவனின் முன்பக்கம், இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் வைத்தாய். கிரைண்டர், அப்பாவின் இரண்டு பியர்ப் பெட்டிகள், ஐசும் ஆட்டிறைச்சியும் மீனும் கணவாயும் நிறைத்த பெரிய குளிர்ப்பெட்டி, அதுதான் சில்லி பின். பின்கட்டிலுக்குக் கீழே தலையணைகளும் போர்வைகளும். ஏன் இப்படி என்று நான் கேட்டேன். கரவனின் மூக்கு காரின் கொக்கியில் நன்றாகப் பாரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால் ஆடும் என்று நீ இங்கிலீஷில் விளங்கப்படுத்தினாய். கையை வால்போல ஆட்டியும் காட்டினாய். நான் தலையாட்டினேன். எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு, ஆனால் அன்றைக்கு என் கண் வேறு இடத்தில் இருந்தது.

அந்த முன்னிருக்கைக்கு மேலே, ஜன்னலோடு சேர்ந்த தட்டில், பிள்ளையார் படமும் முருகன் படமும் வைத்திருந்தேன். கரவன் வாங்கிய அன்றே வைத்தது. கிழக்கோ மேற்கோ, போகிற திசையைப் பார்த்தபடி அவர்கள் முன்னால் இருக்க வேண்டும் என்று எனக்கு எண்ணம். அவர்களுக்கு நேர் கீழே ஆட்டிறைச்சி, மீன், பியர். வீட்டில் நான் சாமி அறைப் பக்கம் ஒரு முட்டைகூடக் கொண்டுபோகமாட்டேன். உன்னிடம் சொன்னால் நீ வாதாடுவாய், அப்பாவிடம் சொன்னால் பியரைப் பற்றிச் சண்டை வரும். நீ குளிக்கப் போனாய். அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம், பூனைக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லப் போனார். நான் கரவனுக்குள் ஏறினேன். சில்லி பின்னை நிலத்தோடு இழுத்து இழுத்துப் பின்கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பியர்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனேன். பிறகு கிரைண்டர் மட்டும் முன்னால் இருப்பது வடிவில்லாமல் இருந்தது, சமையல் சாமான் ஒரு பக்கமாக இருக்கட்டும் என்று அதையும் ஒரு போர்வைமேல் வைத்து இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. காலியான முன்பெட்டிக்குள் தலையணைகளை அடுக்கி மூடினேன். மேலே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இறங்கி வந்து கையைக் கழுவிவிட்டு, சாமிக்கு ஒரு பூவும் வைத்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. இதுதான் அந்தக் கொப்பியில் இல்லாத வரி.

புறப்பட்டு மலையேறும்வரை காரில் ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போதே நீ இரண்டு தரம் கண்ணாடியில் பின்னால் பார்த்தாய். "என்னவோ சரியில்லை" என்றாய். அப்பா, "கார் காணாது" என்றார். இறக்கத்தில் பின்னாலிருந்து யாரோ எங்களைப் பிடித்து இடதும் வலதுமாக இழுப்பதுபோல ஆட்டம் தொடங்கியது. நீ எழுபது கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தாய், நான் பின்சீட்டின் நடுவில் இருந்து வேக முள்ளைப் பார்த்தேன், கொப்பியிலும் எழுதியிருக்கிறேன். நீ ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, தானாக வேகம் குறையட்டும் என்று காத்திருந்தாய். உன் முகம் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்தது, பயம் இருந்தது, பதற்றம் இல்லை. அப்பா கத்தினார்: "பிரேக்கை அடி! அடியடா பிரேக்கை!" இருபத்தாறு வருடம் ஆக்லாந்தில் பஸ் ஓடின மனிதர், அவருக்கு எந்த ஆபத்துக்கும் கால்தான் முதலில் பேசும். அப்பாவின் குரலுக்கு நீ கீழ்ப்படிந்தாய். அடித்தாய். கரவன் மடங்கி வந்து காரின் பக்கத்தில் இடித்தது, இரண்டும் சேர்ந்து மண்மேட்டில் சாய்ந்தன. எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. 

அப்பாவின் தோளெலும்பு உடைந்தது. நானும் நீயும் கீறல்களோடு இறங்கினோம். நீ முதலில் எங்களை மேட்டில் உட்கார வைத்துவிட்டு, பிறகு போய்க் கரவனின் உடைந்த பின்கதவு வழியாக உள்ளே பார்த்தாய். நிறைய நேரம் பார்த்தாய். திரும்பி வந்து என்முன் குந்தியிருந்து, மெதுவாக, தமிழிலேயே கேட்டாய். நீ தமிழில் கேட்டதுதான் எனக்கு இன்னும் தாங்கமுடியாமல் இருக்கிறது. "அம்மா, சில்லி பின் பின்னுக்குக் கிடக்கு. கிரைண்டரும். நீங்கள் மாத்தினீங்களா?"

நான் கையில் பிள்ளையார் படத்தை வைத்திருந்தேன், கண்ணாடி வெடித்திருந்தது. உன் முகத்தைப் பார்த்து, "ஆட்டத்திலை நகர்ந்திருக்கும்" என்றேன்.

மூடிபோட்ட பெட்டிக்குள் இருந்த கிரைண்டர் தானாக எழும்பி மூடியைத் திறந்துகொண்டு பின்கட்டிலுக்குப் போகாது என்று உனக்குத் தெரியும். நீ இன்னொரு தரம் கேட்கத்தான் வாயைத் திறந்தாய். அதற்குள் அப்பா, "உன்ரை பிழையைக் கொம்மாவின்ரை தலையிலை போடாதை" என்றார். அதற்குப் பிறகுதான் அந்த மற்ற வசனத்தைச் சொன்னார். நீ எழும்பி நின்றாய். என்னை ஒருதரம் பார்த்தாய், நான் படத்தில் இருந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "ஓகே" என்றாய்.  நாலு மாதத்தில் நீ டனீடனில் வேலை எடுத்துக்கொண்டு போனாய். நல்ல வேலை என்று எல்லோரிடமும் சொன்னோம். நல்ல வேலைதான். நீ வந்து போகும்போதெல்லாம் விமான நிலையத்துக்கு டாக்சி பிடித்தாய். கோயிலுக்குப் போவதென்றால் அப்பா எங்கள் காரில் முன்னால் போக, நீ பஸ்ஸில் வந்தாய். எங்களைக் கரைச்சல்படுத்தாமல் இருக்கிறான் என்று அப்பா சொல்வார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன், அதையும் எழுத வேண்டும். கார் சின்னது என்று அப்பா சொல்கிறார், பஸ் ஓடினவருக்குத் தெரியாதா, நான் நகர்த்தியதால் என்ன பெரிதாக வந்திருக்கும், எல்லாச் சாமானும் அதே கரவனுக்குள்தானே இருந்தது, நிறை கூடவில்லையே, என்று. படித்தவளுக்குச் சமாதானம் சொல்லவும் நன்றாக வரும். அந்தச் சமாதானத்தைக் கெடுத்தது ஒரு புத்தகம். யூட்டோடு கொடுத்த கையேடு. உனக்குத் தெரியுமே, எழுத்து இருந்தால் நான் மருந்துப் பெட்டியைக்கூட வாசிப்பேன். மத்தியானங்களில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதற் பக்கத்திலிருந்து வாசித்து வந்தேன். இழுத்துச் செல்வதைப் பற்றிய பகுதியில் ஒரு பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. கடைப்பெண் மடித்திருப்பாள் என்று நினைத்தேன். அதில் இரண்டு கரவன் படங்கள். ஒன்றில் பாரம் முன்னால், அதற்குக் கீழே சரி என்ற அடையாளம். மற்றதில் பாரம் பின்னால், வாலின் இரண்டு பக்கமும் வளைந்த அம்புகள். நீ அன்றைக்குக் கையை ஆட்டிக் காட்டினாயே, அதே ஆட்டம். கீழே, ஆட்டம் வந்தால் வண்டியின் பிரேக்கைப் பலமாக அடிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வேகம் தானாகக் குறைய விட வேண்டும் என்று இருந்தது. இழுக்கும் வண்டி எவ்வளவு பலமானாலும் பாரத்தைப் பிழையாக வைத்தால் பயனில்லை என்றும் இருந்தது. நான் நிமிர்ந்து ஜன்னலால் பார்த்தேன். மழையில் நிற்கிறது மூன்றரைத் தொன் இழுக்கும் யூட். அதன் பின்னால் திருத்திப் பூச்சு அடித்த அதே கரவன். அதன் முன்தட்டில், போன கிழமைதான் நான் புதுக் கண்ணாடி போட்டு வைத்த அதே பிள்ளையார்.

வாசித்ததை அப்படியே நம்பிவிடக் கூடாது, செய்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அப்பா நியூ லின்னுக்குப் பல்வைத்தியரிடம் போன நேரம், குளியலறையில் இருக்கும் நிறை பார்க்கும் தட்டைக் கொண்டுபோய்க் கரவனின் மூக்குக்குக் கீழே வைத்தேன். கையேட்டில் அப்படிச் செய்யலாம் என்று இருந்தது. ஒரு மரக்கட்டையை நடுவில் நிறுத்தி, கைபிடியைச் சுற்றி முன் சின்னச் சில்லை உயர்த்தினேன், மூக்கு கட்டையில் வந்து இருந்தது. என் கொப்பியில் அந்தப் பயணத்துச் சாமான் பட்டியல் இருக்கிறதல்லவா, அதே சாமான்களை எடுத்து நீ ஏற்றின மாதிரியே முன்னால் ஏற்றினேன். இறைச்சிக்கும் ஐசுக்கும் பதில் சில்லி பின்னில் தண்ணீர்ப் போத்தல்கள். கிரைண்டர் அதே கிரைண்டர். இறங்கி வந்து தட்டைப் பார்த்தேன், நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பிறகு மறுபடி உள்ளே ஏறி, அன்றைக்குச் செய்ததைப்போலவே எல்லாவற்றையும் பின்னால் இழுத்தேன். இந்தத் தரம் என்னால் முடியவில்லை தம்பி, மூன்று தரம் நிலத்தில் உட்கார்ந்து மூச்செடுத்தேன். வந்து பார்த்தேன். இருபத்தேழு. தட்டு பிழையாக இருக்கும் என்று நானே அதில் ஏறி நின்று பார்த்தேன், தட்டு சரி. நனைந்த புல்லில் குந்தியிருந்து கொப்பியில் இரண்டு எண்ணையும் எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன் என்பதையும் உள்ளபடி எழுதுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் தாய்க்கு அந்த வேலையில் ஓய்வு கிடையாது, அதனால் சொல்கிறேன். உன் மகள் ஒருநாள் உன் முகத்தைப் பார்த்து, நீங்களா செய்தது என்று கேட்பாள். அப்போது ஓம் என்று சொல். அந்த ஒரு சொல்லுக்கு அந்த நிமிஷத்தில்தான் செலவு குறைவு. ஒரு மணித்தியாலம் பிந்தினால் அதோடு ஒரு பொய்யும் சேரும், ஒரு கிழமை பிந்தினால் வீட்டில் எல்லோரும் அந்தப் பொய்யைச் சுற்றி நடக்கப் பழகிவிடுவார்கள். நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, பக்தியோடுதான் செய்தேன். அதனால்தான் ஒத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. சாமிக்காகச் செய்த ஒன்று என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது என்று எந்த வாயால் சொல்வது? இன்னொன்று. உன் அப்பா சத்தம் போட்டால் நீ செய்வதை விட்டுவிட்டு அவர் சொல்வதைச் செய்யும் பழக்கத்தை உனக்குப் பழக்கியது நாங்கள் இரண்டு பேரும்தான். உன் கைக்குத் தெரிந்ததை இனி யார் சத்தம் போட்டாலும் விடாதே. நீ சரியாக ஏற்றினாய். சரியாக ஓடினாய். இந்த இரண்டு வசனத்தையும் உன் மனைவிக்கும் வாசித்துக் காட்டு. வாடகைக் காரில் வருவதென்றாலும் வா, ஆனால் அதை நீ ஓடி வா. பிள்ளை உன் பின்னால் தன் சீட்டில் இருக்கட்டும்.

உனக்கு எழுதுவதற்கு முன் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு நாலு நாளாக வரவில்லை. நேற்றுப் பின்னேரம் அப்பா கரவனை யூட்டில் கொழுவி, அதன் பின்லைட்டுகள் எரிகிறதா என்று பார்த்தார். முந்தி நீ காருக்குள் இருந்து அழுத்த, நான் பின்னால் நின்று சொல்வேனே, அந்த வேலை. இப்போது அவர் உள்ளே, நான் பின்னால். நடுவில் முழுக் கரவனும் நிற்கிறது, அவர் முகம் எனக்குத் தெரியாது, யூட்டின் ஜன்னல் திறந்திருந்ததால் குரல் மட்டும் கேட்கும். இருட்டத் தொடங்கியிருந்தது.

"இடது?"

"எரியுது."

"வலது?"

"எரியுது."

"பிரேக்?"

இரண்டு சிவப்பு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. நான் எரிகிறது என்று சொல்லவில்லை. "இஞ்சேருங்கோ, அண்டைக்குச் சாமான் தானா நகரேல்லை. நான்தான் மாத்தினனான்" என்றேன்.

"என்னத்தை?"

"சில்லி பின்னை. உங்கடை பியரை. கிரைண்டரை. சாமிக்குக் கீழை இருக்கக் கூடாதெண்டு பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய் வைச்சனான். தம்பி சரியாத்தான் ஏத்தினவன். அவன் கேட்கேக்கை நான் பொய் சொன்னனான்."

 அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. சிவப்பு வெளிச்சம் என் சட்டையிலும் வேலியிலும் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுப் பூனை வேலியில் ஏறி என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. நான் போய்விடலாமா என்று நினைத்தபோது அவர் கதைத்தார். கத்தவில்லை, களைத்துப்போன குரல்.

"பிரேக்கை அடி எண்டு கத்தினது நான்."

"ஓம்."

"அவன் அடிக்காமல் பிடிச்சுக்கொண்டுதான் வந்தவன். நான் பார்த்தனான். அடிக்கக் கூடாதெண்டு புத்தகத்திலை கிடக்கு."

"நீங்கள் அந்தப் புத்தகத்தை வாசிச்சனீங்களோ?"

"அந்தப் பக்கத்தை மடிச்சு வைச்சது ஆரெண்டு நினைச்சீர்?"

"பின்னை ஏனப்பா ஒண்டும் சொல்லேல்லை?"

"நீர் ஏன் சொல்லேல்லை?"

நான் கரவனின் பின்பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர், "பிள்ளையாரை இஞ்சாலை யூட்டுக்குக் கொண்டு வாரும். கரவனிலை முன்னுக்குக் கிரைண்டரை வைப்பம்" என்றார். பிறகு, "அவனுக்கு எழுதும். உம்மடையையும் எழுதும், என்ரையையும் எழுதும். குடும்பத்தை ஏத்தாதை எண்டு சொன்னனே, அதைத் திருப்பி எடுக்கிறன் எண்டு எழுதும். எனக்கு எழுத வராது" என்றார்.

"எழுதுறன்" என்றேன். "ரெண்டும் எரியுது. காலை எடுங்கோ."

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். விளக்குகளை அணைத்தார்.